வகுப்பறைக் கணினியில் இசையமைப்பு: ஆசிரியருக்கான ஒரு வழிகாட்டி

இசையமைப்பு மென்பொருளைத் திறந்தவுடன் மாணவரின் கண்ணில் முதலில் படுவது, லூப் எனப்படும் ஆயத்தத் துணுக்குகளின் பெரும் பட்டியல்தான். டிரம்ஸ் ஒன்று, கிட்டார் ஒன்று, அவற்றின் மேல் ஒரு சிந்தசைசர் என்று இழுத்துப் போட்டால் பத்தே நிமிடங்களில் கேட்கத்தக்க ஓர் ஒலி கிடைத்துவிடுகிறது, வகுப்பும் மகிழ்ந்துபோகிறது. ஆனால் ஏன் இந்த ஸ்வரத்துக்குப் பின் அந்த ஸ்வரம் வந்தது, ஏன் தாளம் இந்த இடத்தில் நின்றது என்று கேட்டால், அந்த மாணவரிடம் பதில் இருக்காது. முடிவுகளையெல்லாம் லூப்பைச் செய்தவர் முன்பே எடுத்துவிட்டார். ஆகவே இசையமைப்பைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியரின் முதல் வேலை, மென்பொருள் தருவதில் பெரும்பகுதியை ஒதுக்கி வைப்பதாகும். குறைந்த ஒலிகளைக் கொடுத்து நிறைய முடிவுகளை எடுக்கச் செய்ய வேண்டும் என்பதே கீழே வரும் பயிற்சிகள் அனைத்துக்கும் அடிப்படை.

தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் 8 அல்லது 9ஆம் வகுப்பு, 40 மாணவர்கள், 20 கணினிகள், வாரத்துக்கு ஒரு பாடவேளை என்ற நிலையை மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது. மாணவர்கள் இசை படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்குச் சுருதியும் தாளமும் தெரிந்திருந்தால் போதும்.

மென்பொருளும் கருவிகளும்

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் ஆசிரியர்கள் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்கள். நேரம் இடமிருந்து வலமாக ஓடுவது, ஒவ்வொரு கருவிக்கும் அல்லது குரலுக்கும் உரிய வரிசைகளான டிராக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுவது, ஸ்வரங்களைக் கட்டங்களில் வரைவதற்குப் பியானோ ரோல் என்ற ஒரு பகுதி இருப்பது ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். இணைய வசதி இருந்தால் குரோம் மியூசிக் லேபில் உள்ள ‘சாங் மேக்கர்’ முதல் சில வகுப்புகளுக்கு மிகப் பொருத்தம். கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம், முடித்த வேலையை ஓர் இணைப்பாகச் சேமிக்கலாம். அடுத்த கட்டத்துக்கு, உலாவியிலேயே இயங்கும் பேண்ட்லேப் உதவும். ஆனால் அதற்குப் பயனர் கணக்கு வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதுவதால், பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டுத் தொடங்குவதே முறை. இணையம் இல்லாத ஆய்வகத்தில் எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் அது இயங்கும். மைக்கிலிருந்து நேரடியாகப் பதிவு செய்யும் வசதி அதில் இல்லை என்பதால், பதிவுக்கு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் கணினிகள் உள்ள பள்ளிகளுக்கு 2004 முதல் வெளிவரும் கராஜ்பேண்ட் ஒன்றே போதுமானது.

மென்பொருளைவிட ஹெட்போன் முக்கியம். இருபது கணினிகளின் ஒலிபெருக்கிகள் ஒரே அறையில் ஒலித்தால் எவரும் எதையும் கேட்க முடியாது. இருவருக்கு ஒரு கணினி என்றால், ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்பியையும் கம்பியுள்ள இரண்டு ஹெட்போன்களையும் வாங்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வருவதால், விசையைத் தட்டுகிற கையும் கேட்கிற காதும் ஒத்துப்போகாது. கம்பியுள்ள ஹெட்போனிலும் தாமதம் தெரிந்தால், மென்பொருளின் ஆடியோ அமைப்பில், கணினி ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளைச் சேர்த்து அனுப்புகிறது என்பதைக் குறிக்கும் ‘பஃபர்’ அளவைப் பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான அமைப்பில் 1024 என்ற பஃபர் சுமார் 23 மில்லி விநாடித் தாமதத்தைத் தரும். 256 என்றால் அது 6 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். பழைய கணினி 256ஐத் தாங்காமல் ஒலியைச் சிதறடித்தால் 512இல் நிறுத்திக்கொள்ளலாம். ஸ்வரங்களைக் கணினிக்கு எண்களாக அனுப்பும் மிடி கீபோர்டு ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும். மாணவர்கள் மவுஸால் வரையட்டும்.

தாளத்திலிருந்து தொடங்குதல்

முதல் வகுப்பில் முதல் பத்து நிமிடங்களுக்குக் கணினியை இயக்க வேண்டாம். எல்லோரும் சேர்ந்து ஆதி தாளம் போடட்டும்: நான்கு எண்ணிக்கை லகு, இரண்டிரண்டாக இரு திருதங்கள், மொத்தம் எட்டு. பிறகு திரையைக் காட்டி, மென்பொருள் 4/4 என்று சொல்லும், நான்கு எண்ணிக்கை கொண்ட ‘பார்’கள் இரண்டு சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம் என்பதைக் கையால் தாளம் போட்டபடியே கேட்கச் செய்யுங்கள். நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்பதைச் சொல்லும் டெம்போவை 80 என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 விநாடி ஓடும். டிரம்ஸ் கட்டத்தில் ஒரு பாருக்குப் பதினாறு பெட்டிகள் இருக்கும். ஓர் எண்ணிக்கைக்கு நான்கு பெட்டிகள், அதாவது ‘தகதிமி’. அதையே மூன்றாகப் பிரிக்கும்படி மாற்றினால் ‘தகிட’. சதுஸ்ர நடையும் திஸ்ர நடையும் வாயால் சொல்லிப் பழகியவை என்பதால், கட்டத்தின் பிரிவு என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவை ஏற்படாது.

இப்போது பயிற்சி. ஓர் ஆவர்த்தனத்துக்குரிய 32 பெட்டிகளில் மூன்றே ஒலிகளைப் பயன்படுத்தலாம்: ஒரு கனமான ஒலி, ஒரு மெல்லிய ஒலி, ஒரு கைதட்டல். கனமான ஒலி ஆறு முறைக்கு மேல் வரக் கூடாது. தொடர்ந்து நான்கு பெட்டிகள் வெறுமையாக இருக்கும் இடம் ஒன்றாவது வேண்டும். இந்தக் கடைசி விதிதான் மாணவர்களுக்குக் கடினமாக இருக்கும். வெற்றுப் பெட்டியைக் கண்டால் நிரப்பத் தோன்றுவது இயல்பு. எங்கே நிறுத்துவது என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் அவர்கள் தாளத்தை அமைக்கத் தொடங்குகிறார்கள்.

அடுத்து, ஒவ்வோர் அடியின் அழுத்தத்தையும் தீர்மானிக்கும் ‘வெலாசிட்டி’யைத் தொடுங்கள். மிடி முறையில் இது 0 முதல் 127 வரை செல்லும். எல்லா அடிகளும் 100 என்று இருந்தால் மிஷின் ஓடுவதுபோல் இருக்கும். ஆவர்த்தனம் தொடங்கும் இடமான சமத்தில் விழும் அடியை 115க்கு உயர்த்தி, இடையில் வருபவற்றை 60, 70க்குக் குறைத்தவுடன் அதே பெட்டிகள் தாளமாக ஒலிக்கின்றன. இந்த மாற்றத்தை ஆசிரியர் விளக்கத் தொடங்கும் முன்பே மாணவர்கள் காதால் கண்டுகொள்வார்கள். ஆர்வமுள்ள வகுப்பானால் 7/8 என்று மாற்றி மிஸ்ர சாபுவைக் கொடுக்கலாம். மென்பொருளின் கிளிக் ஒலி மூன்று, இரண்டு, இரண்டு என்ற பிரிவை அறியாது. ஆகவே 1, 4, 6ஆம் இடங்களில் கைதட்டல் ஒலியை மாணவர்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து ஸ்வரங்கள், ஐந்து சுருதிகள்

மெட்டுக்கு வரும்போது பன்னிரண்டு ஸ்வரங்களையும் திறந்துவிடாமல், ஐந்து ஸ்வர ராகமான மோகனத்தைக் கொடுங்கள். சியை ஸட்ஜமாகக் கொண்ட ஒரு கட்டைச் சுருதியில் சி, டி, ஈ, ஜி, ஏ என்ற ஐந்து வெள்ளைக் கட்டைகளில் அது முடிந்துவிடுகிறது. ‘சாங் மேக்கர்’ அமைப்பில் ‘பென்டடோனிக்’ என்பதைத் தேர்ந்தால் திரையில் இந்த ஐந்து ஸ்வரங்கள் மட்டுமே வரும். மற்ற மென்பொருள்களில் பியானோ ரோலில் 60, 62, 64, 67, 69 என்ற மிடி எண்களைக் குறித்துக் கொடுக்கலாம். எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 60 என்ற ஒரே ஸ்வரத்தை ஒரு மென்பொருள் ‘சி3’ என்றும், மற்றொன்று ‘சி4’ என்றும், வேறொன்று ‘சி5’ என்றும் எழுதுகிறது. எழுத்தை நம்பினால் வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் பயன்படுத்தும் மாணவர் ஸ்தாயியில் குழம்பிப்போவார்.

முதலில் ஒரு டிராக்கில் ஸட்ஜமும் பஞ்சமமும் நீண்டு ஒலிக்கும்படி சுருதியை அமைக்க வேண்டும். அதன்மேல் இரண்டு ஆவர்த்தனங்களுக்கு ஒரு மெட்டு. மவுஸைத் தொடும் முன் அந்த மெட்டை மாணவர் வாயால் முணுமுணுத்துப் பார்க்க வேண்டும். பாட முடியாததை வரையக் கூடாது என்பதை வகுப்பின் விதியாகவே வைத்துவிடலாம். கட்டங்களில் கண்ணுக்கு அழகாக ஏறி இறங்கும் படிக்கட்டு காதுக்கு அலுப்பூட்டுவதாக இருப்பதைப் பாடிப் பார்ப்பவர் உடனே உணர்வார். ஒரே ஒரு பெரிய தாவல், ஓரிடத்தில் ஓர் எண்ணிக்கை மௌனம், முதல் ஆவர்த்தனம் ஸட்ஜத்தில் முடியாமல் இரண்டாவது மட்டும் முடிவது ஆகிய மூன்று நிபந்தனைகள் போதும். கேள்வியும் பதிலுமாக இரண்டு வரிகள் தாமாகவே பிறந்துவிடும். மாணவிகளுக்கு ஒரு கட்டைச் சுருதி ஒத்துவரவில்லை என்றால், எழுதியபின் எல்லா ஸ்வரங்களையும் தேர்ந்தெடுத்து 5 அரைஸ்வரம் கீழே நகர்த்துங்கள். அது ஜியை ஸட்ஜமாகக் கொண்ட ஐந்து கட்டைச் சுருதிக்கு வந்துவிடும்.

இதற்கடுத்த வகுப்பு, இந்தப் பாடத்திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர் எழுதிய மெட்டில் ஒரு ஸ்வரத்தையும் மாற்ற வேண்டாம். சுருதி டிராக்கை மட்டும் மாற்றுங்கள். சி, ஜி என்று ஒலித்த சுருதியை ஏ, ஈ என்று ஆக்கினால் அதே ஐந்து கட்டைகள் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களாகின்றன. டி, ஏ என்று ஆக்கினால் மத்யமாவதி. ஜி, டி என்று ஆக்கினால் சுத்த சாவேரி. ஈயை ஸட்ஜமாக வைக்கும்போது ஹிந்தோளம் வருகிறது, ஆனால் அங்கே பஞ்சமமாக இருக்க வேண்டிய ‘பி’ இந்த ஐந்தில் இல்லை. ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது என்பதால் ஈயுடன் மத்யமமான ஏயைச் சேர்த்துச் சுருதி வைக்க வேண்டும். கர்நாடக இசையில் கிரகபேதம் என்று சொல்லப்படும் இதை வாய்ப்பாட்டில் நிகழ்த்திக் காட்ட நீண்ட பயிற்சி வேண்டும். மென்பொருளில் இரண்டு ஸ்வரங்களை நகர்த்தினால் போதும். நேற்று உற்சாகமாக ஒலித்த தம் மெட்டு இன்று ஏக்கமாக ஒலிப்பதைக் கேட்கும் மாணவர், ஒரு ஸ்வரத்தின் பொருள் அதன் கீழே ஒலிப்பதைச் சார்ந்தது என்பதைப் புரிந்துகொள்கிறார். திரைப்படப் பின்னணி இசையின் பாதி நுட்பம் இதில் அடக்கம் என்றும் அவர்களிடம் சொல்லலாம். காது கொடுத்துக் கேட்பார்கள்.

இங்கே சங்கீத ஆசிரியர்கள் ஓர் ஆட்சேபத்தை எழுப்புவார்கள், அது நியாயமானதும்கூட. ஐந்து கட்டைகளை வரிசையாக அழுத்துவது மோகன ராகம் ஆகிவிடாது, ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் கமகம் எங்கே? அகில இந்திய வானொலி 1940இல், ஸ்வரத்தை வளைக்க இயலாத ஆர்மோனியத்தைத் தடை செய்து 1971 வரை விலக்கியே வைத்திருந்ததற்குப் பின்னாலும் இதே வகைக் கேள்விதான் இருந்தது. பியானோ ரோலில் ‘பிட்ச் பெண்ட்’ மூலம் ஒரு ஸ்வரத்தை, வழக்கமான அமைப்பில், மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் வரை வளைக்க முடியும். எனினும் அதை வளைத்து வளைத்துக் கமகத்தைச் செதுக்குவது 40 நிமிடப் பாடவேளைக்கு ஒவ்வாத வேலை. என் பரிந்துரை எளிது: ராகத்தை ராகமாகக் கேட்க வேண்டிய இடத்தில், மெட்டை மாணவர் குரலிலேயே பாடிப் பதிவு செய்யுங்கள். பியானோ ரோல் மெட்டின் எலும்பைக் காட்டும். குரல் டிராக் அதன்மேல் வரட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும் வகுப்பு, கமகம் என்ன செய்கிறது என்பதைச் சொற்பொழிவு இல்லாமலேயே அறிந்துகொள்ளும்.

பள்ளியின் ஒலிகளைப் பதிவு செய்தல்

1948இல் பாரிஸில், வானொலிப் பொறியாளரான பியர் ஷேஃபர் பதிவு செய்த ரயில் ஓசைகளை வெட்டியும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தும் இசையாக்கினார். அன்று ஒலித்தட்டுகளை வைத்துக்கொண்டு அவர் பாடுபட்டுச் செய்ததை இன்று கைப்பேசியும் ஆடாசிட்டியும் உள்ள ஒரு பள்ளிச் சிறுவர் அரைமணி நேரத்தில் செய்யலாம். பள்ளி மணி, இரும்புக் கதவின் கீச்சொலி, டிபன் பாக்ஸ் மூடி, கரும்பலகையில் சாக்பீஸ், குழாயடியில் நிரம்பும் குடம் என்று ஆளுக்கு மூன்று ஒலிகளைச் சேகரித்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்குள் இருக்கட்டும்.

பதிவு செய்யும் இடத்தில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். கைப்பேசிப் பதிவுகளைக் கெடுப்பதில் அதற்கே முதலிடம். மைக்கை ஒலி மூலத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடிப்பது நல்லது. கணினியில் பதிவு செய்யும்போது அளவுகாட்டியின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அருகில் நின்றால் பாதுகாப்பு. 0வைத் தொட்டு மேலே போன இடத்தில் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், அதைப் பின்னர் சரிசெய்ய முயல்வதைவிட மறுபடி பதிவு செய்வதே மேல். ஆடாசிட்டியில் மூன்று செயல்களை மட்டும் கற்றுக்கொடுங்கள்: முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டுவது, பின்னிருந்து முன்னாகத் திருப்புவது, வேகத்தை மாற்றுவது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கி இரு மடங்கு நேரம் நீளும். டிபன் பாக்ஸ் மூடி கோயில் மணியாவதைக் கேட்டுவிட்ட வகுப்பை அடக்குவது கொஞ்சம் கடினம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த ஒலிகள் முன்பு செய்த தாளப் பயிற்சியின் மூன்று ஒலிகளுக்குப் பதிலாக அமரட்டும்.

துணுக்கிலிருந்து முழு வடிவத்துக்கு

தாளமும் மெட்டும் தனித்தனியாகக் கைவந்தபின், ஒரு நிமிடப் படைப்பு ஒன்றைக் கேட்கலாம். நான்கு டிராக்குகளுக்கு மேல் வேண்டாம்: சுருதி அல்லது பேஸ், தாளம், மெட்டு, மாணவர் விரும்பும் ஒன்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு கேட்டுப் பழகியதாக இருப்பதால், எது திரும்ப வருகிறது, எது புதிது என்ற கேள்வியை அதிலிருந்தே தொடங்கலாம். இங்கே பிரதியெடுத்து ஒட்டும் வசதிதான் எதிரி. எட்டு விநாடியை எழுதி ஏழு முறை ஒட்டினால் ஒரு நிமிடம் நிறைந்துவிடுகிறது. திரும்ப வரும் எந்தப் பகுதியிலும் ஏதேனும் ஒன்று மாறியிருக்க வேண்டும் என்ற விதி அதைத் தடுக்கும்; ஒரு ஸ்வரத்தின் நீளம், ஒரு கருவி, தாளத்தில் ஓர் இடைவெளி என எதுவாகவும் அது இருக்கலாம்.

மேற்கத்திய முறையில் கார்டு, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, சேர்க்க விரும்புவோருக்கு, மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் முழுமையாக அடங்கும் முக்கூட்டுகள் இரண்டுதான்: சி, ஈ, ஜி சேர்ந்த மேஜரும், ஏ, சி, ஈ சேர்ந்த மைனரும். இந்த இரண்டை மட்டும் கொடுத்து, எங்கே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்று தீர்மானிக்கச் சொன்னால் ஒரு பாடவேளைக்குப் போதுமான வேலை இருக்கும். மிக்ஸிங்கைப் பொறுத்தவரை ஒலி அளவைச் சரிசெய்வதும், இடம் வலம் பிரிப்பதும் போதும். எக்கோவும் ரிவெர்பும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். அவற்றைத் திறந்த நாளில் மெட்டைப் பற்றி எவரும் பேசமாட்டார்கள்.

கேட்பதும் மதிப்பிடுவதும்

ஒவ்வொரு பாடவேளையிலும் கடைசிப் பத்து நிமிடங்களை வகுப்பு முழுவதும் சேர்ந்து கேட்பதற்கு ஒதுக்குங்கள். இரண்டு படைப்புகளே கேட்க முடியும் என்றாலும் பரவாயில்லை. ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லைத் தடை செய்துவிட்டு, உங்கள் காது எந்த இடத்தில் நிமிர்ந்தது, எந்த இடத்தில் அடுத்து வருவதை முன்பே ஊகித்துவிட்டீர்கள் என்ற இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். படைத்தவர் பதில் சொல்லக் கூடாது. குறித்துக்கொண்டு அடுத்த வாரம் மாற்றிக் கொண்டுவரலாம், மாற்றாமலும் இருக்கலாம், மாற்றாததற்குக் காரணம் மட்டும் சொல்ல வேண்டும்.

இருவர் ஒரு கணினியில் இருக்கும்போது மவுஸ் ஒருவர் கையிலேயே தங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றச் சொல்வதோடு, மவுஸ் இல்லாதவரே என்ன செய்வது என்று சொல்ல வேண்டும், மவுஸ் வைத்திருப்பவர் அதைச் செய்ய மட்டுமே வேண்டும் என்று பொறுப்பைப் பிரித்துவிட்டால் இருவரும் வேலை செய்வார்கள்.

மதிப்பெண்ணை ஒலியின் மெருகுக்குக் கொடுத்தால், வீட்டில் நல்ல கணினி உள்ளவருக்கே அது போய்ச் சேரும். கொடுத்த விதிகளுக்குள் நின்றாரா, முதல் வடிவத்துக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையே என்ன மாற்றினார், தம் முடிவு ஒன்றையாவது காரணத்தோடு விளக்க முடிகிறதா என்பவற்றுக்கே மதிப்பெண் போக வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு வாரமும் பழைய கோப்பின்மேல் எழுதாமல் புதிய எண்ணுடன் சேமிக்கச் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பேட்டில் அன்று மாற்றியதை இரண்டு வரிகளில் எழுதி வைத்தால், ஆசிரியர் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் வேலையும் குறையும்.

கோப்புகளும் உரிமைகளும்

படைப்புக் கோப்பில் பொதுவாக ஒலிகள் இருப்பதில்லை. அவை எந்த ஃபோல்டரில் உள்ளன என்ற குறிப்பே இருக்கும். பென் டிரைவிலிருந்து நேராக ஒலிகளை இழுத்துப் போட்ட மாணவர், அடுத்த வாரம் பென் டிரைவ் இல்லாமல் வந்தால் அவர் படைப்பு ஊமையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் வகுப்பு, பிரிவு, குழு எண் கொண்ட ஒரு ஃபோல்டர் அமைத்து, ஒலிகளை முதலில் அதற்குள் நகலெடுத்த பிறகே பயன்படுத்தப் பழக்குங்கள். இறுதி வடிவத்தை வேவ் கோப்பாக எடுத்தால், 16 பிட் ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. ஆகும். பெற்றோருக்கு அனுப்ப 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 போதும், அது நிமிடத்துக்கு 1 எம்.பி. அளவில் அடங்கும்.

திரைப்பாடலிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிப் பயன்படுத்தலாமா என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பிரதியெடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. அதே துணுக்கோடு செய்த படைப்பை யூடியூபில் ஏற்றுவது அந்த விலக்குக்குள் வராது. பாடலின் மெட்டுக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். வெளியிலிருந்து ஒலி தேவைப்பட்டால், பார்சிலோனாவின் பாம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ‘ஃப்ரீசவுண்ட்’ தளத்தில் தேடலாம். அங்குள்ள ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனி உரிமம் உண்டு: சிலவற்றை எந்த நிபந்தனையுமின்றிப் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பதிவு செய்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பதிவிறக்கும்போதே ஒலியின் பெயர், பதிவேற்றியவரின் பெயர், உரிம வகை ஆகிய மூன்றையும் அந்தக் குழுவின் ஃபோல்டரிலேயே ஓர் உரைக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்; ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அவற்றைத் தேட உட்கார்ந்தால் கிடைக்காது.